ரிக்வுட்டில் ஒரு காலை, பிஸ்கட்ஸ் ஆட்டத்தில் ஒரு இரவு: அலபாமா கார்ப் பயணம்

#1 வைகைக்கரை (அட்லாண்டா)

நண்பர்களே, பள்ளிக்கூடம் லீவு விட்ட முதல் வாரம் காரை எடுத்துக்கொண்டு அலபாமா பக்கம் போய் வந்தோம். நான், மனைவி, பதினொரு வயது மகள், ஏழு வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா. மூன்று நாள், இரண்டு பேஸ்பால் மைதானம். ஒன்றில் ஆட்டமே இல்லை, வெறும் மைதானம். இன்னொன்றில் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம். அப்பா முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எங்கே கூட்டம் கண்டாலும் தலை எண்ணிவிடுவார். இந்தப் பயணத்தில் பாதி அவர் கண்ணால் பார்த்தது.

முதலில் பர்மிங்காம். ஐ-20இல் மேற்கே இரண்டரை மணி நேரம். மாநில எல்லை தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் அந்த ஊர்க் கணக்கில் பத்தரைக்கு இறங்கலாம்.

நாங்கள் தேடிப் போனது ரிக்வுட் ஃபீல்டு. 1910 ஆகஸ்ட் 18 அன்று திறந்த மைதானம். அமெரிக்காவில் இன்றும் நிற்கும் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் இதுதான் மூத்தது. எல்லோரும் பேசும் பாஸ்டன் ஃபென்வே பார்க்கே இதற்கு இரண்டு வயது இளையது. ரிக் உட்வர்ட் என்ற இரும்பு ஆலை முதலாளி கட்டியது, பெயரும் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். சாதாரணக் குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவே இருப்பதால், வழி சரிதானா என்று கடைசித் திருப்பம் வரை சந்தேகம் இருந்தது.

உள்ளே போனதும் முதலில் நிழல். தகரக் கூரை, பச்சை வண்ணம் பூசிய இரும்புத் தூண்கள், அதற்கு அப்பால் கண்ணைக் கூசும் புல். 1936இல் போட்ட விளக்குக் கோபுரங்கள் கூரைக்கு மேலிருந்து மைதானத்தை எட்டிப் பார்ப்பது போலச் சாய்ந்து நிற்கின்றன. தூரத்தில் 1928இல் கட்டிய கான்கிரீட் மதில். அதில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. 1948இல் வால்ட் டிரோப்போ அடித்த பந்து நேரே பறந்து போய் அங்கே மோதியதாம். 467 அடி. மகன், பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்று அந்தத் தூரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

அதே 1948இல்தான் இங்கே பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் அணிக்காக ஒரு பள்ளிக்கூடப் பையன் ஆடினான். பதினேழு வயது. அவனுடைய அப்பா இரும்பாலைத் தொழிலாளி, ஊர் பக்கத்திலேயே. பெயர் வில்லி மேஸ். பின்னாளில் 660 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்து, இதுவரை ஆடியவர்களில் இவர்தான் உச்சம் என்று பலர் சொல்லும் ஆள். அன்றைக்கு கறுப்பினத்தவருக்குத் தனி லீக். வெள்ளையர் அணியான பேரன்ஸும் இதே மைதானத்தில்தான் ஆடியது, ஆனால் வேறு நாளில்.

அந்த அணி ஆடும் நாளில் கறுப்பின ரசிகர்கள் கூரைக்குக் கீழே உட்கார முடியாது. வலது கோடியில், வெயிலில், தனிப் படிக்கட்டு. நகரத்துச் சட்டமே அப்படி. சீட்டு, டாமினோ, செக்கர்ஸ் கூட இரண்டு நிறத்தவரும் சேர்ந்து ஆடக்கூடாது என்று பர்மிங்காமில் எழுதி வைத்திருந்தார்கள், 1950இல் பேஸ்பாலையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள்.

இதை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் இருந்ததை மறந்துவிட்டேன். "அந்தப் பக்கமா?" என்று வலது கோடியைக் கைகாட்டிக் கேட்டார். ஆமாம் என்றேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அங்கே நடந்தார். பின்னாலேயே போனோம். அந்த ஓரத்தில் வெயில் சுட்டது. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பேத்தியிடம், "எங்க ஊர் டீக்கடையில எனக்கும் பெஞ்சு கிடையாது கண்ணு. டம்ளர் தனி, ஆணியில மாட்டியிருக்கும். நானே கழுவி நானே மாட்டணும்" என்றார். எனக்கு நாற்பத்தொரு வயது. இதை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

அங்கிருந்து மான்ட்கோமரி, ஐ-65இல் தெற்கே ஒன்றரை மணி நேரம். நடுவில் கிளான்டன் என்ற ஊரில் தண்ணீர்த் தொட்டியையே பீச் பழம் மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். சாலையோரம் ஒரு கடையில் பீச் வாங்கினோம். பக்கத்தில் பெரிய அண்டாவில் தோலோடு வேகவைத்த நிலக்கடலை! அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இது உயிர். அப்பா ஒன்றை உரித்து வாயில் போட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனா பக்குவம் சரி" என்றார். இரண்டு பை வாங்கினோம்.

மான்ட்கோமரி அணியின் பெயர் பிஸ்கட்ஸ். நம் ஊர் பிஸ்கட் இல்லை. அமெரிக்கத் தெற்கில் பிஸ்கட் என்றால் வெண்ணெய் போட்டுச் சுட்ட, மெத்தென்ற உப்பு பன். ஆட்டத்தின் நடுவே அதைக் காற்றுத் துப்பாக்கியில் வைத்துக் கூட்டத்துக்குள் சுடுகிறார்கள். பழைய ரயில்வே சரக்குக் கொட்டகையை 2004இல் மைதானமாக மாற்றியிருக்கிறார்கள். செங்கல் சுவர், அதையொட்டி இன்னும் ஓடும் தண்டவாளம். சரக்கு ரயில் போனால் கூட்டமே திரும்பிப் பார்க்கிறது. ஐந்து பேருக்கு டிக்கெட்டும் சாப்பாடும் சேர்த்து நூறு டாலர் ஆகவில்லை. மூன்றாவது வரிசை.

மூன்றாவது வரிசை என்றால் என்ன தெரியுமா? பிட்சர், அதாவது பந்து போடுபவர், கை வழுக்காமல் இருக்க ரோசின் பையில் தட்டும்போது எழும்பும் வெள்ளைத் தூள் தெரிகிறது. பந்து கேட்சர் கையுறையில் விழும் சத்தம் கதவை அறைந்தது போலக் கேட்கிறது. அன்று உள்ளூர் அணிக்குப் பந்து போட்ட பையனுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. மூன்றாவது இன்னிங்ஸில் தொடர்ந்து நான்கு பேரை பந்தை அகலமாகப் போட்டே பேஸுக்கு அனுப்பினான். முகம் சிவந்துபோனது. பயிற்சியாளர் நடந்து வந்து, தோளில் கை வைத்து, வாயைக் கையுறையால் மூடிக்கொண்டு ஏதோ சொன்னார். அடுத்த இரண்டு பேரையும் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான். அப்பா எழுந்து நின்று கை தட்டினார். அவருக்கு விதி ஒன்றும் தெரியாது. "பையன் திரும்பி வந்துட்டான்டா" என்றார்.

ஆட்டம் முடிந்து வாண வேடிக்கை. அதற்கு முன் கம்பி வேலி ஓரம் சில ஆட்டக்காரர்கள் வந்து கையெழுத்துப் போட்டார்கள். அந்த பிட்சரும் வந்தான். ஸ்பானிஷ் கலந்த ஆங்கிலம். மகளிடம் பெயர் கேட்டான். "யாழ்" என்றாள். இரண்டு முறை சொல்லிப் பார்த்தான், மூன்றாவது தடவை ழகரம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. பந்தில் பெயரை எழுதிக் கொடுத்தான்.

இது தவிர பார்த்தவை நிறைய. யாராவது கேட்டால் எழுதுகிறேன்.

#2 சாரல்_தென்காசி (ஆல்பரெட்டா)

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு கேள்வி, தப்பாக நினைக்க வேண்டாம். அட்லாண்டாவிலேயே பிரேவ்ஸ் அணியின் ட்ரூயிஸ்ட் பார்க் இருக்கிறது. நாட்டிலேயே பெரிய ஆட்டக்காரர்கள் அங்கே ஆடுகிறார்கள். அதை விட்டுவிட்டு குழந்தைகளோடும் பெரியவரோடும் இவ்வளவு தூரம் போய் இரண்டாம் தர ஆட்டம் பார்ப்பது ஏன்? இந்தச் சின்ன லீக் எப்படி நடக்கிறது என்றும் எனக்குப் புரியவில்லை. நம் டிஎன்பிஎல் மாதிரியா?

#3 வைகைக்கரை (அட்லாண்டா)

சகோ, டிஎன்பிஎல் மாதிரி இல்லை. 30 பெரிய அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படி: சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ. ஆக 120 சின்ன அணிகள். ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது, யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்று முடிவு செய்வது எல்லாம் மேலே இருக்கும் பெரிய அணி. மைதானம், டிக்கெட், பிஸ்கட், வாண வேடிக்கை உள்ளூர்க்காரர் பொறுப்பு. மான்ட்கோமரி பிஸ்கட்ஸ் டாம்பா பே ரேஸுக்குக் கீழே டபுள் ஏ. அதாவது அந்த பிட்சருக்கு இன்னும் இரண்டே படி.

பெரிய மைதானத்துக்கும் போயிருக்கிறோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நாங்கள் பெரும்பாலும் திரையைத்தான் பார்த்தோம். இங்கே ஒருவன் வேலை கற்றுக்கொள்வதைப் பார்க்கிறோம். தப்பு செய்கிறான், திருத்திக்கொள்கிறான், அடுத்த வாரம் மேலே போகலாம், வீட்டுக்கும் போகலாம். எனக்கு அதுதான் ஆட்டம். தூரம் ஒத்துவராவிட்டால் உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் க்வின்னெட் ஸ்ட்ரைப்பர்ஸ் இருக்கிறது, பிரேவ்ஸின் ட்ரிபிள் ஏ அணி. அங்கேயே தொடங்குங்கள்.

#4 நிலாமுற்றம் (ரொறொன்ரோ)

அண்ணா, உங்கட அப்பா சொன்னதை வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கோ.

நாங்கள் இங்கே இருந்து வருடத்தில் இரண்டு தரம் பஃபலோவுக்குப் போவோம். பீஸ் பாலத்தால் எல்லையைக் கடந்தால் மைதானம் கிட்டத்தான். 1988இல் திறந்தது. எங்கட ஊர் ப்ளூ ஜேய்ஸின் ட்ரிபிள் ஏ அணியான பைசன்ஸ் ஆடுகிற இடம். கொரோனா காலத்தில் எல்லை மூடியிருந்தபோது 2020இலும் 2021 யூன், யூலையிலும் ப்ளூ ஜேய்ஸே அங்கே போய்த்தான் தங்கட சொந்த ஆட்டங்களை ஆடினது. ஏப்ரலில் போனால் குளிர் எலும்புக்குள் போகும், கம்பளி கட்டாயம். என் மாமியாருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். அவ சொல்லுவா, இது ஓவர் இல்லாத கிரிக்கெட், மூன்று விக்கெட் போனால் இறங்கு, ஒன்பது முறை ஏறு, அவ்வளவுதான் என்று. எங்கட பிள்ளைகளுக்கு அந்த விளக்கம் போதுமாக இருந்தது.

#5 பருத்திக்காடு (டாலஸ்)

எங்கள் பக்கம் ஃபிரிஸ்கோ ரஃப்ரைடர்ஸ் மைதானம். டெக்சஸ் ரேஞ்சர்ஸின் டபுள் ஏ. 2003இல் திறந்தது. வலது பக்கம் ரசிகர்கள் மிதந்துகொண்டே ஆட்டம் பார்க்க ஒரு நீரோடையே கட்டி வைத்திருக்கிறார்கள். ஜூலை வெயிலில் அது தேவைதான்.

ஒரு விஷயம் சேர்க்கிறேன். குமார் ராக்கர் என்ற பிட்சர் இங்கே கொஞ்ச நாள் பந்து போட்டுவிட்டு 2024 செப்டம்பரில் ரேஞ்சர்ஸுக்கு ஏறினார். அம்மா வழியில் இந்திய வம்சாவளி, அப்பா கறுப்பினத்தவர், பெரிய அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர். பிறந்த ஊர் எது தெரியுமா? நீங்கள் போய் வந்த அதே மான்ட்கோமரி. 2019இல் கல்லூரி ஆட்டம் ஒன்றில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியவர். 'குமார்' என்று முதுகில் இல்லாவிட்டாலும் ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைக் கேட்டதும் என் மகன் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டான்.

#6 நூற்பாலை (நியூ ஜெர்சி)

இழை அழகாகப் போகிறது. ஆனால் 'வேலை கற்றுக்கொள்கிறான்' என்று வைகைக்கரை சொன்ன இடத்தில் எனக்கு ஒரு மாறுபாடு. அந்த வேலைக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பதையும் பேச வேண்டும். 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம் இவர்களைக் குறைந்தபட்சக் கூலிப் பாதுகாப்பிலிருந்து விலக்க ஒரு சட்டமே போட்டது. பையன்கள் ஒரு வீட்டில் ஆறு பேர், காற்று மெத்தை, ஆஃப் சீசனில் கிடங்கு வேலை. இவர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2022இல்தான் 18.5 கோடி டாலருக்குச் சமரசமானது. அதே ஆண்டு செப்டம்பரில் பெரிய ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கத்தில் இவர்களும் சேர்ந்தார்கள். 2023இல் முதல் ஒப்பந்தம். அதன்படி 2023இல் டபுள் ஏ ஆட்டக்காரருக்கு வருடத்துக்குக் குறைந்தது 30,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே, ட்ரிபிள் ஏவில் 35,800. முன்பு இருந்ததற்கு இரண்டு மடங்குக்கும் மேல். இதை யாரும் தானாகக் கொடுக்கவில்லை, சங்கம் வாங்கியது.

அதோடு 2021இல் 160 அணிகளை 120 ஆகக் குறைத்ததும் இருக்கிறது. எத்தனையோ சின்ன ஊர்களில் கோடை மாலைகளில் போவதற்கு இருந்த ஒரே இடம் போனது.

#7 வைகைக்கரை (அட்லாண்டா)

நூற்பாலை தோழர், சரியாகச் சொன்னீர்கள். நான் அதை எழுதியிருக்க வேண்டும். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். சங்கத்தில் கிளைச் செயலாளராக இருந்தவர். "ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.

#8 செம்பருத்தி_வீடு (நாஷ்வில்)

அண்ணா, நாங்களும் அடுத்த மாதம் அந்த வழியாகத்தான் ஃபுளோரிடா போகிறோம். எங்களுக்கு ஒன்பது வயதிலும் பதின்மூன்று வயதிலும் பிள்ளைகள். பர்மிங்காமில் அந்த தேவாலயம், மான்ட்கோமரியில் நினைவகம் எல்லாம் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆட்டம், பிஸ்கட், வாணம் என்று ஒரு பக்கமும் இது ஒரு பக்கமுமாக ஒரே பயணத்தில் வைத்தால் பிள்ளைகள் தாங்குவார்களா? நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

#9 வைகைக்கரை (அட்லாண்டா)

அக்கா, நாங்களும் இதைப் பற்றி வீட்டில் இரண்டு இரவு பேசினோம்.

பர்மிங்காமில் பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தை எல்லோரும் பார்த்தோம். 1963 செப்டம்பர் 15 அன்று குண்டு வைத்ததில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூன்று பேருக்குப் பதினான்கு வயது, ஒருத்திக்குப் பதினொன்று. என் மகளுக்கும் பதினொன்று. அவள் அந்த வயதைப் படித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரே உள்ள பூங்காவில் உட்கார்ந்தோம், அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னோம். சின்னவனுக்கு 'கெட்டவர்கள் செய்தார்கள், ஊரே சேர்ந்து எதிர்த்தது' என்ற அளவோடு நிறுத்திக்கொண்டோம்.

மான்ட்கோமரி நினைவகத்துக்கு நானும் அப்பாவும் மகளும் மட்டும். வெறிக் கும்பல்களால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவருக்காக 2018இல் திறந்தது. அப்படிக் கொலை நடந்த ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் மாதிரி) ஒரு எஃகுத் தூண், 800க்கும் மேலே, அதில் பெயர்கள். உள்ளே நடக்க நடக்கத் தரை கீழே இறங்கும், தூண்கள் தலைக்கு மேலே தொங்கும். சின்னவனும் அம்மாவும் ஆற்றங்கரையில் இருந்தார்கள். காலையில் அங்கே போய்விட்டு, மத்தியானம் தூங்கி எழுந்து, அப்புறம் ஆட்டத்துக்குப் போனோம். நடுவில் அந்தத் தூக்கம் முக்கியம் அக்கா. நேரே போயிருந்தால் முடிந்திருக்காது.

இரண்டையும் பிரிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். பிரிக்கவும் முடியாது. 1961 சீசனோடு பர்மிங்காம் பேரன்ஸ் அணியே இரண்டு வருடம் நின்றுபோனது. சேர்ந்து ஆடுவதைவிட ஆடாமலே இருப்போம் என்ற காலம் அது. 1964இல் கலப்பு அணியோடு திரும்ப வந்தது. 1967இல் அங்கே ஆடிய கறுப்பின ஆட்டக்காரர் ரெஜி ஜாக்சன், 2024இல் ரிக்வுட்டில் நடந்த பெரிய லீக் ஆட்டத்தன்று நேரலையில் பேசியதைத் தேடிப் பாருங்கள். ஹோட்டலில் இடம் இல்லை, சாப்பாட்டுக் கடையில் இடம் இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பேச்சு வரவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்னால், ஜூன் 18 அன்று, அதே மைதானத்தில் பேரன்ஸும் பிஸ்கட்ஸும் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் வில்லி மேஸ் இறந்த செய்தி வந்தது. 93 வயது. அவர் ஆடத் தொடங்கிய புல்லில் ஆட்டம் நடந்துகொண்டிருக்க, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கூட்டம் எழுந்து நின்றது.

#10 சாரல்_தென்காசி (ஆல்பரெட்டா)

நேற்று ஸ்ட்ரைப்பர்ஸ் ஆட்டத்துக்குப் போய் வந்தோம். என் கேள்வியை வாபஸ் வாங்குகிறேன். ஆட்டக்காரர்கள் உட்காரும் டக் அவுட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம், கோட்டுக்கு வெளியே பறந்த ஃபௌல் பால் ஒன்று இரண்டு வரிசை தள்ளி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆட்டம் முடிந்து பிள்ளைகளைப் புல்லில் இறக்கி நான்கு பேஸையும் சுற்றி ஓடவிட்டார்கள். என் மகள் மூன்றாவது பேஸில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

பயணத்துக்கு நாள் பார்ப்பது எப்படி என்று மட்டும் சொல்லுங்கள். திங்கட்கிழமை தேடினால் எங்கேயும் ஆட்டம் காட்டவில்லையே?

#11 வைகைக்கரை (அட்லாண்டா)

திங்கள் பெரும்பாலும் லீவுதான். ஒரு அணி வந்தால் செவ்வாய் முதல் ஞாயிறு வரை அதே ஊரில் ஆறு ஆட்டம். அதனால் வழியில் இருக்கும் ஊர்களில் எந்த அணி அந்த வாரம் சொந்த ஊரில் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். செவ்வாய், புதன் கூட்டம் குறைவு, கையெழுத்து வாங்க நல்ல நாள். வாண வேடிக்கை வெள்ளி, சனியில். ரிக்வுட்டுக்குப் போவதாக இருந்தால் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று. அப்பா போன வாரம் ஊருக்குத் திரும்பிவிட்டார். நேற்றுக் காலை போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, "அந்த பிட்சர் பையன் என்ன ஆனான்?" என்றார். தேடிப் பார்த்தேன். ட்ரிபிள் ஏவுக்கு ஏற்றிவிட்டார்கள். இப்போது வட கரோலினாவில் டர்ஹாம் புல்ஸ் அணியில் இருக்கிறான். சொன்னேன்.

கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. பிறகு, "டர்ஹாம் உங்க வீட்ல இருந்து எத்தனை மைல்?" என்று கேட்டார். முந்நூற்றெண்பது இருக்கும் என்றேன். "ஆறு மணி நேரம்" என்றார், கணக்குப் போட்டு. "அடுத்த கோடைக்கு டிக்கெட் போடு."